வாய் ஓரிடம், குரல் வேறிடம்

நெல்ஃபி சாரிஸ் வீட்டுக்குப் புது டிவி வந்த பிறகுதான் அவள் புருஷன் ஒவிதியோ செவிடானான் என்று பாஹோ கிராந்தே என்கிற அந்த ஆற்றங்கரை ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. அவன் அதற்கு வெகுகாலம் முன்பே பாதிச் செவிடு. ஆற்றுத்துறையில் பழைய படகுகளின் இரும்புத் தகட்டைச் சம்மட்டியால் அடித்து நிமிர்த்துகிற வேலை அவனுக்கு. அந்தப் பட்டறையில் இளமையைக் கழித்த எவனுக்கும் காது முழுசாக மிஞ்சியதில்லை. பழைய டிவி இருந்தவரை அது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். பழையது பெட்டி மாதிரி பருமன். முகத்தின் இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் வைத்திருக்கும், ஆளைப் பார்த்துப் பேசும். புதியதோ சுவரில் மாட்டினால் படம் ஒட்டினாற்போல இருந்தது. அத்தனை மெல்லிசான உடம்பில் முன்பக்கம் ஸ்பீக்கருக்கு இடம் ஏது? முதுகில் வைத்துவிட்டார்கள். ஆகவே எட்டு மணித் தொடரில் கதாநாயகி சுவரைப் பார்த்து அழுதாள். வில்லன் சுவரிடம் சவால் விட்டான்.

நெல்ஃபிக்கு ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. நாள் முழுக்க வாய் திறக்கப் பயப்படுகிறவர்களோடு பேசிவிட்டு வருவாள். அவன் இரும்போடு பேசிவிட்டு வருவான். இருவரும் சேர்ந்து உட்காருவது அந்தத் தொடர் ஓடுகிற நேரம் மட்டும்தான். தங்களுக்குள் நேரடியாகச் சொல்ல முடியாததையெல்லாம் அதில் வருகிறவர்களை வைத்துத் திட்டித் தீர்த்துக்கொள்வார்கள். "இப்படி ஒரு அழுத்தக்காரன் புருஷனா வாய்ச்சா எவ குடும்பம் நடத்துவா" என்று அவள் திரையைப் பார்த்துச் சொல்வாள். அவனும் திரையைப் பார்த்தே பதில் சொல்வான். கல்யாணம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

புது டிவி வந்ததும் ஒவிதியோ ஒவ்வொரு வரிக்கும் "என்ன சொன்னா?" என்று கேட்க ஆரம்பித்தான். இவள் கத்திச் சொல்வாள். அதற்குள் அடுத்த வரி போய்விடும், இரண்டு பேருக்கும் கதை அறுந்துபோகும். அன்பான வார்த்தையைக்கூடக் கத்திச் சொன்னால் சண்டையாகத்தான் கேட்கிறது. கொஞ்ச நாளில் அவன் கேட்பதை நிறுத்தினான். வாயசைவைப் பார்த்துத் தானாக ஒரு கதை கட்டிக்கொண்டான். அந்தக் கதையில் யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை, எல்லோரும் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள். பிறகு அதுவும் அலுத்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவோரம் டோமினோ ஆடுகிறவர்களிடம் போய்விட்டான். நெல்ஃபி தனியாக உட்கார்ந்து பார்த்தாள். இருப்புக் கொள்ளவில்லை. விளம்பரம் வந்தபோதெல்லாம் எழுந்துபோய் ஜன்னல் வழியே அவன் முதுகைப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஒரு சனிக்கிழமை அவள் பர்ரான்கியா நகரத்துக்குப் போய் ஹோம் தியேட்டர் ஒன்றை வாங்கி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். டிவிக்குக் கீழே வைக்க நீளமான ஒரு பெட்டி, மூலைகளுக்குச் சின்னச் சின்ன ஸ்பீக்கர்கள், தரையில் வைக்க அடிவயிற்றிலிருந்து உறுமுகிற கனத்த பெட்டி ஒன்று. அன்று இரவு தொடரில் ஒரு நாய் குரைத்தது. குரைப்பு ஒவிதியோவின் பின்னாலிருந்து வந்தது. அவன் எழுந்து, துடைப்பத்தை எடுத்து, பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பினான். அவன் முகத்தைப் பார்த்து நெல்ஃபி சிரித்தாள், பிறகு அவனும் சிரித்தான். கதாநாயகி ஏதோ சத்தியம் செய்தபோது அவன் முன்னே சாய்ந்து, "பொய் சொல்றா நெல்ஃபி. குரல்லயே தெரியுது" என்றான். அவள் அடுப்பில் ஏதோ இருப்பதுபோல எழுந்து உள்ளே போனாள்.

அதற்கு அடுத்த வாரம், ஞாயிற்றுக்கிழமைப் பகலில்தான் இல்ல ஒலி ஒழுங்கு நிறுவனத்தின் ஜீப் வாசலில் வந்து நின்றது.

இந்த நிறுவனம் உண்டான கதையைச் சொல்லியாக வேண்டும். தெருமுனையில் வில்ஃப்ரிதோ என்பவனுக்கு ஒரு பிக்கோ உண்டு. இரண்டு அலமாரி உயரம், முகமெல்லாம் பச்சைப் புலி தீட்டிய ஸ்பீக்கர் கோபுரம். வாரக்கடைசியில் அதை முடுக்கினால் தெருவிலுள்ள தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் தானாக நகரும். அதை அடக்கச் சொல்லி ஜனங்கள் வருஷக்கணக்காகக் கேட்டதில் நிறுவனம் பிறந்தது. அதற்குக் கட்டடம், கொடி, ஜீப், வார்த்தையில்லாமல் முணுமுணுக்கிற ஒரு கீதம் எல்லாம் கிடைத்தன. திறப்பு விழா நடந்த அதே நாளில் நகரசபை கூடி, பிக்கோ என்பது ஊரின் பண்பாட்டுச் சொத்து, அதை யாரும் தொடக்கூடாது என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் வந்ததற்காக நிறுவனத்தைக் கலைத்துவிட முடியுமா? கொடி தைத்தாகிவிட்டது. எனவே அடக்குவதற்கு வேறு சத்தம் தேடிக்கொண்டு அது வீடுகளுக்குள் நுழைந்தது.

ஜீப்பிலிருந்து இறங்கியவர்கள் அபெலார்தோ என்கிற ஆய்வாளரும், அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ள யாதிரா என்கிற உதவியாளரும். ஆய்வாளர் வாசலில் நின்று எதையோ சொன்னார். தெருமுனையில் பச்சைப் புலி முழங்கிக்கொண்டிருந்ததால் நெல்ஃபிக்கு விளங்கவில்லை. பாட்டு முடிகிற வரை மூவரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். முடிந்ததும் அவர், இந்த வீட்டில் சத்தம் வருவதாகத் தகவல் என்றார்.

யார் புகார் கொடுத்தது என்று நெல்ஃபி கேட்டாள். யாரும் கொடுக்கவில்லை, அதுதான் சந்தேகமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே வந்து டிவி முன் உட்கார்ந்தார். சற்றுநேரம் பார்த்தார். பிறகு கேள்விகள் ஆரம்பித்தன.

"இப்ப பேசுறது யாரும்மா?"

"டாக்டர் எமிலியோ. எட்டு மணித் தொடர்ல வர்றவரு. பகல்ல மறுபடி போடறாங்க."

"அவரு வாய் எங்க இருக்கு?"

"டிவியில."

"குரல் எங்கேருந்து வருது?"

நெல்ஃபி கீழே இருந்த நீளப் பெட்டியைக் காட்டினாள்.

"வாய் ஓரிடத்துல. குரல் இன்னோரிடத்துல. சட்டத்துல இதுக்கு ஆள்மாறாட்டம்னு பேரு. சரி, பின்னாடி மூலையில இருக்கிறது என்ன பேசுது?"

அது பேசாது, மழை பெய்கிற சத்தம், கதவு சாத்துகிற சத்தம், நாய், இந்த மாதிரி என்று அவள் சொன்னாள். ஆய்வாளர் ஜன்னல் வழியே கொளுத்துகிற வெயிலைப் பார்த்தார். யாதிராவைப் பார்த்தார்.

"எழுதிக்க. வெளியில பெய்யாத மழை இந்த வீட்டுக்குள்ள பெய்யுது."

டிவியோடு பிறந்த ஸ்பீக்கரிலிருந்து வருவது குடியுரிமை உள்ள ஒலி, வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய ஸ்பீக்கரிலிருந்து வருவது பூர்வீகம் தெரியாத ஒலி என்று அவர் பொறுமையாக விளக்கினார். பூர்வீகம் நிரூபணமாகும் வரை அவை நிறுவனத்தின் பாதுகாப்பில் இருக்கும். ஒவிதியோவுக்கு இதில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கடையிலிருந்து இலவசமாகச் சரிபார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். கனத்த பெட்டியைத் தானே தூக்கி ஜீப்பில் வைத்தான். இருவருக்கும் குளிரக் குளிரக் கொரோசோப் பழச்சாறு கொடுத்தான். பின்மூலை ஸ்பீக்கரில் மழை இன்னும் கொஞ்சம் பலமாகப் பெய்தால் நன்றாயிருக்கும் என்று கேட்டுக்கொண்டான்.

அவர்கள் போன பிறகு நெல்ஃபி அவனுக்கு உண்மையைக் கத்திச் சொன்னாள். தெரு முழுக்கக் கேட்டது. அவன் சாறு கொடுத்த கோப்பைகளை எடுத்துக் கழுவப் போனான்.

மறுநாள் அவள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நிறுவனத்துக்குப் போனாள். காத்திருக்கும் கூடத்தில் ஜனம் நிரம்பியிருந்தது. எதிர்ச் சுவரில் ஒரு டிவி. அதில் ஒரு பெண் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தாள். நிறுவனம் தன் கொள்கைக்கு விரோதமாக வேறு ஸ்பீக்கர் வைக்குமா? அவள் குரலும் சுவருக்குள்தான் போயிற்று. உதடு அசைந்தபோதெல்லாம் கூடம் முழுக்க எழுந்து நின்றது, பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு உட்கார்ந்தது. நெல்ஃபிக்குப் பக்கத்தில் இருந்த மீசைக்காரர் ஒரு வாரமாக வருகிறாராம். போன செவ்வாய்க்கிழமை யாருடைய பெயருக்கோ தவறுதலாக உள்ளே போய், அந்த ஆளின் அபராதத்தைத் தலையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டாராம்.

"இங்க ஒக்காந்தா ஒண்ணும் நடக்காது தாயி," என்றார் அவர். "விவரம் தெரிஞ்சவங்க எல்லாம் கக்கூஸ்ல நிக்கிறாங்க."

அந்த டிவி மாட்டிய சுவருக்கு மறுபக்கம் கழிப்பறை. அங்கே பெயர்கள் கணீரென்று கேட்டன. நெல்ஃபி போனபோது ஒரு வக்கீல், ஒரு கன்னியாஸ்திரி, கைக்குழந்தையோடு ஒரு தம்பதி எல்லோரும் தண்ணீர்த் தொட்டியின் அருகே வரிசையாக நின்றிருந்தார்கள். உண்மையிலேயே அவசரமாக வந்தவர்கள் கெஞ்சி வழி கேட்டுப் போனார்கள். அவள் பெயரை மதியத்துக்குள் கூப்பிட்டார்கள்.

இயக்குநர் ரோசெந்தோ புமரேஹோவை ஊரில் டாக்டர் என்பார்கள். அவருக்கு வைத்தியம் தெரியாது, கழுத்துப்பட்டை கட்டியவர் எவரும் இங்கே டாக்டர்தான். மிக இனிமையானவர். அவளை உட்காரச் சொல்லி, காப்பி வரவழைத்துக் கொடுத்து, அதன் பிறகே பேசத் தொடங்கினார்.

"நாங்க ஆரம்பிச்ச நாள்லேருந்து இன்னிவரைக்கும் ஒரு புகார்கூட எங்க காதுல விழல. இந்த நாட்டுலயே வேற எந்த நிறுவனத்துக்கும் அந்தப் பெருமை கிடையாதும்மா."

தெருமுனைப் பிக்கோவைப் பற்றி அவள் மெல்ல எடுத்தாள்.

"அது பண்பாடு. பண்பாட்டோட சத்தம் காதுல விழாது, நெஞ்சுல விழும். எங்க அதிகாரம் காதோட நிக்குது."

தன் வீட்டுக்காரருக்குக் காது மந்தம், அதற்காகத்தான் ஸ்பீக்கர் வாங்கினோம் என்று நெல்ஃபி சொன்னாள். டாக்டர் உண்மையாகவே வருத்தப்பட்டார். காது கேட்காதவருக்குச் சத்தம் எதற்கு என்று கேட்டார். கேட்பதற்கு என்றாள். கேட்காதவருக்கா என்றார். தான் சொன்னதில் எங்கே தப்பு வந்தது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"யோசிச்சுப் பாருங்க. ஒரு மனுஷன் பிறவியிலேயே மெல்லப் பேசுறவன். அவன் பின்னாடி இன்னொருத்தன் நின்னுக்கிட்டு, அவன் பேசுறதையெல்லாம் கத்திச் சொன்னா அவனுக்கு எப்பிடியிருக்கும்? டிவிக்கும் மானம் இருக்கும்மா. ஆனா நாங்க கல்நெஞ்சுக்காரங்க இல்ல. உங்க வீட்டுக்காரரைப் பரிசோதனைக்குக் கூட்டிட்டு வாங்க. டிவியோட சொந்த ஸ்பீக்கர் அவருக்குக் கேட்டுச்சுன்னா, வேற ஸ்பீக்கர் தேவையில்ல."

"கேக்கலைன்னா?"

"கேக்காதவருக்கு எந்த ஸ்பீக்கர் இருந்து என்ன?"

இருந்தாலும் அவள் அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. ஒவிதியோ இஸ்திரி போட்ட சட்டை அணிந்து வந்தான். ஓர் அறையில் அவனை டிவி முன்னால் அசையாமல் உட்கார வைத்து, ஒரு நிகழ்ச்சியைப் போட்டார்கள். டாக்டரின் பழைய உரைகளின் தொகுப்பு. ஒவிதியோவுக்கு எதுவும் கேட்கவில்லை. முன்பின் தெரியாதவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று அவன் நடுநடுவே தலையாட்டினான், கடைசியில் புன்னகை செய்தான். இதற்கு முன்னால் அந்த உரைகளை முழுசாகப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அறையின் கண்ணாடி ஜன்னலுக்கு மறுபுறம் நின்ற யாதிரா கண் கலங்கிவிட்டாள் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

இரண்டு நாளில் நிறுவனத்திலிருந்து ஓர் ஆள் வந்து நல்ல செய்தி சொன்னார். ஒவிதியோ தலையாட்டியதால், டிவியின் சொந்த ஸ்பீக்கரே அவருக்குக் கேட்கிறது என்று முடிவாகிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை நிறுவனம் கொண்டாடுகிற இயல்பொலித் திருநாள். அன்று மைதானத்தில் ஊரார் முன்னிலையில் ஒவிதியோவுக்கு முன்மாதிரி நேயர் என்று பட்டயம் வழங்கப்படும். அவர் மனமுவந்து துறந்த ஸ்பீக்கர்கள் மேடையில் காட்சிக்கு வைக்கப்படும். விழா முடிந்ததும் அவை நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்குப் போகும்.

அந்த வெள்ளிக்கிழமை இரவுதான் எட்டு மணித் தொடரின் கடைசி அத்தியாயமும்.

நெல்ஃபி இதை ஒவிதியோவிடம் சொன்னபோது, தெருவுக்குக் கேட்கக்கூடாது என்று அவன் காதில் வாயை வைத்துச் சொன்னாள்.

"நான் செவிடுன்னு சட்டம் போட்டு மாட்டுற மாதிரி ஒரு பட்டயமா?" என்றான். பிறகு, "விடு. அந்தத் தொடர் எப்பிடி முடிஞ்சா என்ன. நீ பாத்துட்டு எனக்குச் சொல்லு, போதும்."

போதும் என்று அவன் சொன்ன விதம் அவளைப் போட்டு வதைத்தது. வியாழக்கிழமை மருத்துவமனையில் ஒருவர் பெயரைத் தவறாக எழுதி, பல் பிடுங்க வேண்டியவரைச் சுத்தம் செய்ய அனுப்பிவிட்டாள். எழுந்தாள், உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள், மாட்டினாள். என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மைதானத்தில் கூட்டம் கூடியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நிறுவனத்தின் கீதத்தை முணுமுணுக்கச் செய்தார்கள். தலைநகரிலிருந்து ஒரு செனட்டர் தலைமை தாங்க வந்திருந்தார். மேடையின் நடுவில் பெரிய டிவி, அதன் பக்கத்தில் சிவப்பு நாடா கட்டிய ஒவிதியோ வீட்டு ஸ்பீக்கர்கள். டாக்டர் மேடையோரத்தில் ஒரு கேமராவைப் பார்த்துப் பேசினார். அவர் முகம் டிவியில் தெரிந்தது. குரல் அதன் முதுகு வழியாகத் தேவாலயச் சுவருக்குப் போயிற்று. ஜனங்கள் விசிறிக்கொண்டார்கள். உதடு நின்றபோதெல்லாம் முன்வரிசையிலிருந்த ஊழியர்கள் கை தட்டினார்கள், அதைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். பிற விழாக்களும் இப்படியே நடந்து முடிந்தவைதான்.

அன்று செனட்டர் கெடுத்தார். அவர் இரண்டு தடவை காதில் கை வைத்து முன்னே குனிந்தார். மூன்றாவது தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டர் வெளிறிப்போனார். கேமராவிடமிருந்து விலகி அபெலார்தோவிடம் ஏதோ கிசுகிசுத்தார். அபெலார்தோ நாடாவை அவிழ்த்து, ஒயர்களை எடுத்து, தொழில் தெரிந்தவர்போல அந்த ஸ்பீக்கர்களை டிவியோடு இணைத்துவிட்டார். அரசாங்கத்தின் கையில் இருக்கும்போது எந்த ஒலியும் பூர்வீகம் உள்ளதுதான் என்று அவர் யாதிராவுக்குச் சமாதானம் சொன்னாராம்.

டாக்டரின் குரல் மைதானத்தைத் தூக்கி அடித்தது.

"நம்ம ஊர்ல இன்னிக்கு யாரும் யாரையும் தொந்தரவு பண்றதில்ல. ஏன்? யார் சொல்றதும் யாருக்கும் கேக்கல. இதை நாங்க சும்மா சாதிக்கல. நாலு தளத்துல கட்டடம் கட்டி, நூத்துக்கணக்கான ஊழியர்களைப் போட்டுச் சாதிச்சிருக்கோம். வர்ற வருஷம் இன்னும் ஒரு தளம் கட்டுவோம். அதுல என்ன செய்யறதுன்னு அதுக்கப்புறம் முடிவு பண்ணுவோம்."

கூட்டம் விசிறுவதை நிறுத்தியது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் பேசுவது அவர்களுக்குக் கேட்டது. ஊழியர்கள்கூட ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒவிதியோ முன்வரிசையில், இஸ்திரி போட்ட அதே சட்டையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. தான் பேசுவது எத்தனை உரக்க இருக்கிறது என்று அவனுக்கு என்றுமே தெரியாது.

"நெல்ஃபி," என்றான், மைதானம் முழுக்கக் கேட்கும்படி. "இந்தாளு எதையோ விக்க வந்தவன்னுதான் நெனச்சேன். இவன்கிட்ட விக்கிறதுக்குக்கூட ஒண்ணுமில்லையே."

யாரோ பின்னால் சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னே வந்தது. செனட்டர் இருமுவதுபோலக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். டாக்டர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தொடர்ந்து பேசினார்.

நெல்ஃபி எழுந்து நின்றாள். ஏன் எழுந்தோம் என்று யோசித்திருந்தால் உட்கார்ந்திருப்பாள். மேடைப் படிகளில் ஏறினாள். பட்டயம் வாங்குகிறவரின் மனைவி என்று வழிவிட்டார்கள். ஸ்பீக்கர்களின் அருகே போய், குனிந்து, முதல் ஒயரைப் பிடுங்கினாள். இரண்டாவதைப் பிடுங்கினாள். டாக்டரின் குரல் அப்படியே அறுந்து தேவாலயச் சுவருக்குத் திரும்பிப் போயிற்று. ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டே அவள் அடுத்த ஸ்பீக்கருக்கு நகர்ந்தாள். ஒவிதியோவும் மேலே வந்து, ஒன்றும் கேட்காமல், கனத்த பெட்டியைத் தோளில் ஏற்றினான்.

டாக்டர் கையை நீட்டி அவர்களைக் காட்டிக்காட்டி எதையோ சொன்னார். டிவியில் அவர் வாய் அகல அகலத் திறந்தது. கூட்டத்தின் சிரிப்பில் அது யாருக்கும் எட்டவில்லை. மேடைக் காவலுக்கு நின்ற ஹாதெர் என்கிற இளைஞன் குழப்பத்தோடு திரையைப் பார்த்தான், நெல்ஃபியைப் பார்த்தான்.

"டாக்டர் என்னமோ உத்தரவு போடறாரும்மா. என்னன்னு வெளங்கல. உங்களுக்குக் கேக்குதா?"

அவள் திரையில் அந்த வாயை உற்றுப் பார்த்தாள்.

"எங்களுக்கு ஒரு கை கொடுக்கச் சொல்றாரு," என்றாள்.

ஹாதெர் மறுபேச்சில்லாமல் நீளப் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். டாக்டர் இரண்டு கைகளையும் ஆட்டினார். வேகமாகப் போகச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டு அவன் ஓட்டமாக இறங்கினான். மைதானத்தின் ஓரத்தில் நின்ற மூன்று சக்கர வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றி, ஒயர் சக்கரத்தில் மாட்டாமல் சுருட்டி வைத்து, நெல்ஃபிக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுத் திரும்பினான்.

மேடையில் டாக்டருக்கு மூச்சு வாங்கியது. வாயை மூடினார். உதடு நின்றதைக் கண்ட முன்வரிசை ஊழியர்கள் வழக்கப்படி கை தட்டினார்கள். அதைப் பார்த்து மைதானம் முழுக்கத் தட்டியது, இந்தத் தடவை மனசாரவே.

வண்டி கிளம்பியது. நெல்ஃபி முன்னே பார்த்தபடி ஓட்டுகிறவனை அவசரப்படுத்திக்கொண்டிருந்தாள். மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்த ஒவிதியோ சட்டென்று தலையைத் திருப்பினான்.

"பின்னாடி கை தட்டற சத்தம் கேக்குது," என்றான். "யாருக்கு?"

"நமக்குத்தான்," என்றாள் அவள். "திரும்பாதே. பெட்டியைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ."